பல்லு ரூம்

என் அக்கா பல் செய்கிறவள். பல் டாக்டர் இல்லை. டாக்டர் நோயாளியின் வாயில் அளவு எடுப்பார், அந்த அளவு ஒரு டப்பாவில் எங்கள் வீட்டுக்கு வரும். அக்கா அதைப் பார்த்து, மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, ஒரு முழு வாயையே செய்து திருப்பி அனுப்புவாள். முன்பின் தெரியாத யாரோ ஒருவர் அதை மாட்டிக்கொண்டு மறுநாள் மிடுக்காகச் சிரிப்பார்.

எங்கள் வீடு என்று எழுதிவிட்டேன் பாருங்கள். அது அக்கா வீடு. இந்தக் கதையே அந்த ஒரு தப்பைப் பற்றித்தான்.

நான் எட்டாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். இந்தப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்ததும், தோளில் ஒரே ஒரு பையோடு அக்கா வாசலில் வந்து நின்றேன். "ரெண்டே வாரம்க்கா. ரூம் கிடைச்சதும் ஓடிடுறேன்" என்றேன். "ஓடாத, நடந்தே போ" என்று சொல்லிக் கதவைத் திறந்தாள். அதற்குப் பிறகு பத்து மாதம் ஓடிவிட்டது. நான்தான் ஓடவில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலை நான் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே டீ குடித்துக்கொண்டே ஷூவையும் தேடிக்கொண்டிருந்தேன். அக்கா யாருடைய கீழ்த்தாடையையோ துணியால் பளபளவென்று துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"டாக்டர் அம்மா கூப்பிட்டாங்கடா. இதுவரைக்கும் உடைஞ்சதை ஒட்டுற வேலையும் எப்பவாவது ஒரு செட்டும்தானே குடுத்தாங்க. இனிமே முழு செட் எல்லாத்தையும் என்னையே பண்ணச் சொல்றாங்க. மாசம் பன்னண்டு செட். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

"உனக்கு எதுக்குக்கா அவ்வளவு கஷ்டம்? வேணாம்னு சொல்லிடு. முதல்ல உடம்பைப் பாரு."

"ஆசையாத்தான் இருக்கு."

"ஆசைப்பட்டா ஆச்சா? அதுக்கு இடம் வேணாமா?"

"ம்" என்றாள் அக்கா. தாடையை டப்பாவில் வைத்து மூடினாள்.

இடம் வேணாமா என்று கேட்டது நான். அந்த இடத்தைப் பிடித்து வைத்திருந்ததும் நான். அது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. ஷூ கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் கிளம்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் பீரியட். உலகத்திலேயே கஷ்டமான பீரியட் அது. பாதி வகுப்பு கண் திறந்தபடியே தூங்கும். கடைசி பெஞ்சில் ஒருவன் அந்தச் சிரமம்கூட எடுத்துக்கொள்ள மாட்டான், நேராகவே தூங்கிவிடுவான். அவனுக்கு வகுப்பு வைத்த பெயர் தூக்கம். எனக்கு வைத்த பெயர் எக்ஸ்பிரஸ் சார். நிற்காமல் பேசுவேனாம்.

பாடம், பேரரசுகளின் கதை. "வியாபாரம் பண்ண வந்தவங்க, நாலே நாலு கப்பல்ல வந்தவங்க, எப்படி நாட்டையே பிடிச்சாங்க? யோசிச்சுச் சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டேன்.

"துப்பாக்கி சார்" என்றான் தூக்கம், கண்ணைத் திறக்காமல்.

"துப்பாக்கி கடைசியில வந்துச்சு. அதுக்கு முன்னாடி என்ன?"

யாருக்கும் தெரியவில்லை. புத்தகத்தில் இருந்தது என்னவோ ஆண்டுகளும் ஒப்பந்தங்களும்தான். நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கரும்பலகையில் ஒரு வீடு வரைந்தேன். ஒரு விருந்தாளி வருகிறான் என்று ஆரம்பித்து, இல்லாத மீசையை முறுக்கி, மேசையை ஒரு குத்து குத்தி, "ஹா ஹா, இந்த வீடு இனி எனக்கு!" என்று நடித்தே காட்டினேன். பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

முன் பெஞ்சில் ஒரு பெண் கை தூக்கினாள். அவளை எல்லாரும் வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கேள்வி கேட்டால் ஹெட்மாஸ்டரே கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

"சார், இந்த ஆளைப் பார்த்தாலே திருடன்னு தெரியுதே. வீட்டுக்காரங்க எதுக்கு உள்ள விட்டாங்க?"

"அது வந்து... ஏமாந்துட்டாங்க."

"அத்தனை ஊர்லயும் அத்தனை பேருமா ஏமாளி? காதுல பூ சுத்தாதீங்க சார்."

வகுப்பு சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. சரி, கெட்ட விருந்தாளியைப் புரியவைக்க நல்ல விருந்தாளியைக் காட்டிவிடலாம் என்று தோன்றியது. எனக்கு இப்படித் தோன்றும்போதெல்லாம் யாராவது என் வாயைப் பொத்தினால் நன்றாக இருக்கும்.

"நல்ல விருந்தாளின்னா எப்படி இருக்கணும் தெரியுமா? என்னைப் பாருங்க" என்று ஆரம்பித்தேன். "நான் எங்க அக்கா வீட்டுக்கு வந்தப்போ அது வீடாவே இல்ல. நல்ல ஜன்னல் வச்ச ரூம் முழுக்க அச்சு வார்க்கிற பிளாஸ்டர் தூசி. அவ வேலை செய்ற மேசையைத் தூக்கி பால்கனியில போட்டேன். நல்ல காத்து, நல்ல வெயில்! அந்த ரூமைக் கழுவித் துடைச்சு, புத்தகமெல்லாம் அடுக்கி, 'ஸ்டடி'ன்னு கதவுல போர்டே மாட்டினேன். அவ டிராயர்ல பல்லெல்லாம் சின்னச் சின்னப் பெட்டியில கண்டபடி கிடந்துச்சு, அதையெல்லாம் நிறவாரியா வரிசைப்படுத்தினேன். முன்னாடி ஏழு மணிக்கு எந்திரிப்பா, இப்போ நாலரைக்கே எந்திரிக்கிறா. சோம்பலே போயிடுச்சு. எல்லாம் நான் வந்த பிறகுதான்!"

வகுப்பில் சத்தமே இல்லை. என் பேச்சில் மயங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

கடைசி பெஞ்சில் தூக்கம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். பத்து மாதத்தில் அவன் கண் என்ன நிறம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"சார், அந்த ரூம் முன்னாடி யாரோடது?"

"அக்காவோடதுதான். ஆனா..."

"எத்தனை நாளைக்குன்னு வந்தீங்க சார்?" என்றாள் வக்கீல். அவள் பேனா ஓடிக்கொண்டிருந்தது. நான் சொன்னதையெல்லாம் வரி விடாமல் எழுதியிருந்தாள்.

"ரெண்டு வாரம்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"மேசையைத் தூக்கினப்போ அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலையே."

"நீங்க கேட்டீங்களா சார்?"

மணி அடித்தது. வாழ்க்கையில் முதல் முறையாக மாணவர்களுக்கு முன்னால் நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வக்கீல் விடவில்லை, வாசல் வரைக்கும் வந்தாள்.

"ஒரு பக்கத்துக்காரங்க எழுதினதை மட்டும் வச்சு வரலாறு எழுதக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? அக்காவைக் கூட்டிட்டு வாங்க. அந்தப் பக்கமும் கேட்டுடலாம்."

சொன்னது நான்தான். மறுக்க முடியுமா? அதோடு, உண்மையைச் சொல்வதென்றால், எனக்குப் பயமே இல்லை. அக்கா வந்து என்னைப் பாராட்டிவிட்டுப் போவாள் என்றுதான் நம்பினேன்.

"வியாழக்கிழமை என் வகுப்புக்கு வர்றியாக்கா? என்னைப் பத்திப் பசங்ககிட்ட நாலு நல்ல வார்த்தை சொல்லணும்."

"நாலா? இருக்குமா?" என்றாள் அக்கா. "தேடிப் பார்த்து எடுத்துட்டு வர்றேன்."

வியாழக்கிழமை அக்கா வந்தாள். கையில் ஒரு பெட்டி. அதைத் திறந்து, வாய் மாதிரியே திறந்து மூடும் ஒரு சின்ன இரும்புக் கருவியை மேசைமேல் வைத்தாள். மேலும் கீழும் மெழுகில் நட்ட பற்கள். கடகடவென்று ஒரு கடி கடித்துக் காட்டினாள். வகுப்பு குலுங்கியது. ஒருத்தி, "எங்க வீட்டுல எல்லாரும் இப்படித்தான் மேடம் சண்டை போடுவாங்க" என்றாள். "மேடம் வேணாம், அக்கான்னே கூப்பிடுங்க" என்றாள் அக்கா. அந்த இரண்டு நிமிஷத்தில் என் வகுப்பு எனக்கு இல்லை என்று ஆகிவிட்டது.

வக்கீல் முன்கூட்டியே பலகையின் நடுவே கோடு போட்டு வைத்திருந்தாள். ஒரு பக்கம் 'வந்தவர் சொன்னது'. இன்னொரு பக்கம் 'இருந்தவர் சொல்வது'. நான் ஜன்னல் ஓரமாக நின்றேன், கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு.

"முதல் விஷயம்" என்று நோட்டைப் பார்த்து வாசித்தாள் வக்கீல். "சார் வந்த பிறகு அக்கா நாலரைக்கே எந்திரிக்கிறாங்க. சோம்பல் போச்சு."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்படியாடா சொன்ன? பிள்ளைகளா, இது மெழுகு. வெயில் பட்டா இளகிடும். காலையில ஏழு மணிக்குப் பால்கனியில ஏறுற வெயில் சாயங்காலம் நாலு வரைக்கும் நகராது. பல்லு நட்டு வச்சிட்டுத் திரும்பினா, எல்லாம் கூட்டத்துல இடிபட்ட மாதிரி ஆளுக்கொரு பக்கம் சாஞ்சு நிக்கும். அதான் வெயிலுக்கு முன்னாடி எந்திரிச்சு முடிக்கிறேன்."

வக்கீல் எழுதினாள். சுண்ணாம்புக் கட்டி பலகையில் கிறீச் என்றது. எனக்குப் பல் கூசியது.

"ரெண்டாவது. டிராயரை ஒழுங்குபடுத்தினார்."

"ஐயோ, அதை ஞாபகப்படுத்தாதம்மா. நான் பெட்டி பெட்டியா வச்சிருந்தது மேல் பல்லு தனி, கீழ்ப் பல்லு தனி, இடது தனி, வலது தனி. இவன் பார்க்க அழகா இருக்கட்டும்னு நிறத்தைப் பார்த்து ஒண்ணாக் கொட்டிட்டான். பிரிச்சு எடுக்க மூணு நாளாச்சு. நான் பிரிக்கிறதைப் பார்த்துட்டு, 'பார்த்தியாக்கா, இப்போதான் நீயும் ஒழுங்கா அடுக்கிற'ன்னு சொல்லிட்டுப் போனான்."

அதை நான் சொன்னேனா? சொல்லியிருப்பேன். அது என் குரல்தான். முகத்தில் இருந்த மாப்பிள்ளைச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

"மூணாவது" என்றாள் வக்கீல். அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "அந்த ரூமுக்கு முன்னாடி பேர் இருந்துச்சா அக்கா?"

"இருந்துச்சே. பல்லு ரூம். வடக்குப் பார்த்த ஜன்னல், வெயிலே விழாது. ஆனா நாள் முழுக்க ஒரே மாதிரி வெளிச்சம். பல்லு நிறம் சேர்க்க அந்த மாதிரி வெளிச்சம்தான் வேணும். அதுக்காகத்தான் இந்த வீட்டையே எடுத்தேன்."

"இப்போ நீங்க அந்த ரூமை என்னன்னு சொல்வீங்க?"

"இப்போ ஸ்ட..." அக்கா நிறுத்தினாள். வாயில் கை வைத்தாள். "அடப்பாவி. நானும் ஸ்டடின்னுதான்டா சொல்றேன்!"

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். ஆனால் என்னைப் பார்த்தபோது அவள் கண்ணில் ஒரு ஆச்சரியம் இருந்தது, தன் பையிலேயே வேறு யாரோ கை விட்டிருப்பதைக் கண்டுபிடித்த மாதிரி.

"நீங்க ஏன் அக்கா ஒண்ணுமே சொல்லல?" கேட்டது தூக்கம். இரண்டு நாளாக முழித்திருக்கிறான், பாவம்.

அக்கா விரல் விட்டு எண்ணினாள். "முதல் நாள் ஒரு பைதான் வந்துச்சுப்பா. பைக்குப் போய் என்ன சொல்றது? அப்புறம் ஒரு நாற்காலி. நாற்காலிக்குச் சண்டை போட்டா நல்லாவா இருக்கும்? அப்புறம் புத்தகம். படிக்கிற பிள்ளைய ஏதாவது சொல்ல முடியுமா? ஒவ்வொண்ணும் சின்ன விஷயமாத்தான் இருந்துச்சு. ஒருநாள் நிமிர்ந்து பார்த்தா நான் பால்கனியில இருக்கேன்." பிறகு அவசரமாக, "ஆனா இவன் நாலு நல்ல வார்த்தை சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டான். நல்ல பையன். கெட்ட எண்ணமே கிடையாது" என்றாள்.

"அது ஒண்ணாச்சு" என்றாள் வக்கீல். "இன்னும் மூணு நல்ல வார்த்தை பாக்கி இருக்கு அக்கா."

"வேணாம்மா, நேரமாச்சு. நாளைக்கு வெள்ளிக்கிழமை. டாக்டர் அம்மாவுக்கு வேணாம்னு சொல்லணும். பன்னண்டு முழு செட் குடுக்கிறேன்னாங்க, எவ்வளவு நாள் ஆசை தெரியுமா? பால்கனியில வச்சு அதைப் பண்ண முடியாது. தம்பியும் அதான் சொன்னான், உடம்பைப் பாருன்னு." இரும்பு வாயை மெதுவாக மூடிப் பெட்டிக்குள் வைத்தாள்.

நாற்பத்திரண்டு தலைகள் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பின. மைதானத்தில் உடற்பயிற்சி ஆசிரியர் விசில் ஊதினால்கூட இவ்வளவு ஒற்றுமையாகத் திரும்ப மாட்டார்கள்.

நான் ஜன்னலை விட்டு முன்னால் வந்தேன். "அக்கா, வேணாம்னு சொல்லாத. நான் ரூமைக் காலி பண்றேன். இன்னைக்கே. இரு, எப்படிப் பண்ணலாம்னு நான் சொல்றேன்." கை தானாகச் சுண்ணாம்புக் கட்டியையும் பெரிய ஸ்கேலையும் எடுத்தது. பலகையில் வீட்டை வரைந்தேன். "இதோ, ரூமை நடுவுல ஒரு கோடு போட்டுப் பிரிச்சா, இந்தப் பாதி உனக்கு, இந்தப் பாதி..."

"சார், சார், சார்!" வக்கீல் எழுந்தே விட்டாள். "போகும்போதும் நீங்களேதான் கோடு போடுறீங்க!"

"வசதியா இருக்கட்டும்னுதானே..."

"பாடத்தோட கடைசிப் பக்கம் சார். ஸ்கேலை வச்சு நேரா கோடு போட்டு, நாட்டைப் பிரிச்சுட்டுக் கப்பல் ஏறினவங்க. நீங்க இன்னும் அதை எடுக்கல. நான் படிச்சிட்டேன்."

சுண்ணாம்புக் கட்டியை அக்காவிடம் கொடுத்தேன். அதைக் கொடுக்க மனசு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் திட்டம் நன்றாகத்தான் இருக்கும் என்று அந்த நிமிஷத்திலும் ஒரு குரல் உள்ளே முனகியது.

அக்கா ஸ்கேலைத் தொடவே இல்லை. என் கோட்டை உள்ளங்கையால் அழித்தாள். ஜன்னலுக்குக் கீழே தன் மேசையைப் போட்டாள். அதன் பக்கத்தில் டிராயர், பல்லை மெருகேற்றும் மோட்டார், பிளாஸ்டர் டப்பா எல்லாவற்றுக்கும் இடம் குறித்தாள். ரூம் நிறைந்துவிட்டது. அப்புறம் ஹாலுக்கு வந்து, பால்கனிக் கதவு ஓரமாக ஒரு சின்னக் கட்டம் வரைந்தாள்.

"இது இவன்."

"அவ்வளவு சின்னதாவா அக்கா?" என்றான் தூக்கம்.

"அளவு பார்த்துத்தான் போட்டிருக்கேன். அளவு பார்க்கிறதுதானேப்பா என் பிழைப்பு."

"தேதி போடுங்க அக்கா" என்றாள் வக்கீல். "தேதி போடாததாலதான் இவ்வளவும்."

"எப்போடா வேற ரூம் பார்ப்ப?"

"ரெண்டு வாரத்துல" என்றேன்.

அந்தச் சிரிப்புக்குப் பக்கத்து வகுப்பு டீச்சர் மறுபடியும் வந்து எட்டிப் பார்த்தார். அக்காவே பலகையில் எழுதினாள்: 'ஆண்டுத் தேர்வு முடியும் நாள்.' கீழே இன்னொரு வரி: 'அதுவரை விருந்தாளி.'

"விருந்தாளின்னா உட்கார்ந்து சாப்பிடலாம் இல்ல?" என்று நான் கேட்டுப் பார்த்தேன்.

"இந்த விருந்தாளி பாத்திரம் கழுவுவான்" என்றாள் அக்கா. வகுப்பு மேசையைத் தட்டி அதை நிறைவேற்றியது.

அன்று சாயங்காலம் மேசையைத் திருப்பிக் கொண்டுவந்தோம். போனபோது நான் தனியாகத் தள்ளிய அதே மேசை. திரும்பி வரும்போது அது மூன்று மடங்கு கனத்தது. நிலையில் இடித்தது, என் கட்டைவிரலில் இடித்தது, "இந்தப் பக்கமா சாய்ச்சாக் கொண்டு போயிடலாம்க்கா" என்றேன், "நீ தூக்கு, எப்படிச் சாய்க்கணும்னு நான் சொல்றேன்" என்றாள். தூக்கினேன். உள்ளே போய்விட்டது. கதவில் இருந்த போர்டை நானே கழற்றினேன். நாலு திருகாணி. மாட்ட ஐந்து நிமிஷம் ஆனது, கழற்ற அரைமணி நேரம். கதவில் நாலு ஓட்டை மிச்சம். அக்கா கொஞ்சம் பிளாஸ்டரைக் குழைத்து அவற்றை அடைத்தாள். கிட்டப் போய்ப் பார்த்தால் இன்னும் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா ஜன்னல் பக்கம் நின்று போனில் பேசினாள். தண்ணீரை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினேன்.

"டாக்டர் அம்மா, நான் பண்றேன். பன்னண்டும் பண்றேன்... இல்ல, இல்ல, இடமெல்லாம் இருக்கு. பல்லு ரூம் காலியாயிடுச்சு."

அவள் போனை வைத்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, கையில் இருந்த இரும்பு வாயை இரண்டு தடவை கடகடவென்று தட்டினாள். கைதட்டல் மாதிரி இருந்தது.

அன்று வகுப்பில் ஒரு சின்னப் பரீட்சை வைத்தேன். ஒரே கேள்வி: வியாபாரம் செய்ய வந்தவர்கள் எப்படி ஆட்சியாளர்கள் ஆனார்கள்? வக்கீல் நாலு பக்கம் எழுதி, எனக்கே இரண்டு இடத்தில் அடிக்குறிப்பு போட்டிருந்தாள். தூக்கத்தின் தாளில் ஒரே வரி. 'முதலில் ஒரு பைதான் வந்தது.' அதற்குப் பிறகு பக்கம் முழுக்க வெள்ளை. சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு நான் ரொம்ப நேரம் பார்த்தேன். பத்துக்குப் பத்து போட்டேன்.

சனிக்கிழமை விடுமுறை. ஒன்பது மணி வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவது என்று முடிவு செய்து ஹாலில் என் கட்டத்துக்குள் படுத்திருந்தேன். டாண் என்று ஏழு மணிக்குப் பால்கனிக் கதவு வழியாக வெயில் வந்து என் மூக்கின் மேல் உட்கார்ந்தது. இந்தப் பக்கம் புரண்டேன், காதுக்கு வந்தது. தலையணையைத் தூக்கி மூடினேன், கால் சுட்டது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

சமையலறையிலிருந்து அக்கா அப்போதுதான் வெளியே வந்தாள். நன்றாகத் தூங்கி எழுந்த முகம். கையில் டீ. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அட, சார் ஏழு மணிக்கே எந்திரிச்சாச்சா? சோம்பலே போயிடுச்சே!" என்றாள். "எல்லாம் என்னாலதான்டா."